காரியம் முடிந்தபின் ஜவ்வாது மலையில் தனி நடை

வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தபின் எங்காவது தனியாக நடந்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றினால், வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஜவ்வாது மலையே போதும். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை, மலை ரோட்டிலேயே இரண்டு நாள் நடை. காட்டுப் பாதை வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்ததற்குப் பிறகு கெடுபிடி அதிகம். ரோட்டில் பஸ் ஓடுகிறது. முடியவில்லை என்றால் கைகாட்டி ஏறிவிடலாம். மனம் நொந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

மார்கழி, தை நல்ல காலம். பிப்ரவரி நடுவிலிருந்து தீக்காலம், வெயிலும் ஏறிவிடும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கிளம்பாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்ட உடம்பு ஏற்றத்தைத் தாங்காது. ஒரு வாரம் தொடர்ந்து ராத்திரி ஆறு மணி நேரமாவது தூங்க முடிந்தபிறகு, இரண்டு வாரம் தினமும் அதே ஷூ, அதே பையோடு ஊரிலேயே 5 கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். "நாமும் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்ற நினைப்பு ஓடினால் மலைக்குத் தனியாகப் போகவே கூடாது. அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்கு அழைத்துப் பேசுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.

தண்ணீர் 3 லிட்டரோடு சேர்த்துப் பை 6 கிலோவைத் தாண்டக்கூடாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக 1 லிட்டரில் கலக்குங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். துக்கத்தில் பசி தெரியாது, தாகமும் தெரியாது. தலை சுற்றிய பிறகுதான் புரியும். அதனால் போனில் 45 நிமிடத்துக்கு ஒரு அலாரம். அடிக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, சின்ன வெல்லத்துண்டு, நாலு மடக்குத் தண்ணீர்.

நன்றாக விடிந்தபிறகு கிளம்பி, 11 மணிக்குள் முக்கால்வாசி தூரத்தை முடியுங்கள். விடியுமுன்னும் அந்தியிலும் கரடி நடமாடும். காவலூரில் தங்க இடம் முன்பே பேசி வைக்காவிட்டால், பஸ்ஸில் கீழே இறங்கி மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

குதிகாலில் சுருக்கென்று சூடு தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். "அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கொப்புளம்தான். காலைத் துடைத்துக் காயவிட்டு, துணிப் பிளாஸ்திரியை நாலு மூலையும் வட்டமாக வெட்டிச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூலை இருந்தால் சாக்ஸில் மாட்டி உரிந்துவிடும்.

அழுகை பெரும்பாலும் ஏற்றத்தில்தான் வரும். நடந்துகொண்டே அழாதீர்கள், மூச்சு முட்டும், கண் மறைத்துக் கால் பிசகும். ரோட்டை விட்டு ஒதுங்கி, பையை இறக்கிவைத்து, உட்கார்ந்து அழுங்கள். போனவரிடம் வாய்விட்டுப் பேசத் தோன்றினால் பேசுங்கள். அடக்காதீர்கள், வீட்டில் அடக்கியது போதும். பிறகு முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்து எழுந்திருங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வழியைத் தாளில் எழுதிக் கொடுத்து, காலை 7, மாலை 6 போன் நேரம் என்று சொல்லிவையுங்கள். வளைவுகளில் சிக்னல் போய்விடும். இரவு 8 வரை தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

திரும்பிவரும் அன்று கதவைத் திறக்க ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பூட்டைத் திறந்து வெறும் வீட்டுக்குள் நுழையும் அந்த நொடிதான் மலையைவிடக் கடினம்.