பொதுக்குழு முடிவை கமிட்டி மீறலாமா? குடியிருப்புச் சங்கங்கள் சறுக்கும் இடங்கள்

அப்பார்ட்மென்ட் சங்கங்களில் ஓயாத சண்டை இது. பொதுக்குழுவில் கை தூக்கி ஒன்றை முடிவு செய்வார்கள். அடுத்த மாதம் கமிட்டி வேறொன்றைச் செய்யும். "உங்களைத் தேர்ந்தெடுத்ததே நாங்கள்தானே" என்பார்கள் உறுப்பினர்கள். "நிர்வாகம் எங்கள் பொறுப்பு" என்பார்கள் கமிட்டிக்காரர்கள். இரண்டு பேச்சும் பாதிதான் சரி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால், முதலில் அதன் துணைவிதியை, அதாவது சங்கம் தனக்கென வகுத்துப் பதிவு செய்த விதிகளை (பைலா), புரட்ட வேண்டும். அதைப் பார்க்காமலே மல்லுக்கு நிற்பதுதான் முதல் தவறு.

வரவு செலவுத் திட்டம், பராமரிப்புக் கட்டண உயர்வு, குறிப்பிட்ட தொகைக்கு மேலான செலவு ஆகியவற்றைப் பெரும்பாலான துணைவிதிகள் பொதுக்குழுவிடம் வைத்திருக்கும். அவற்றில் பொதுக்குழு முடிவுக்கு மாறாக நடக்க கமிட்டிக்கு உரிமை இல்லை. "நல்லதுக்குத்தான் செய்தோம்" என்ற சமாதானமும் செல்லாது. வாட்ச்மேன் நியமனம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் போன்ற அன்றாட வேலைகள் கமிட்டியிடம் இருக்கும்.

பலர் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது வகையில்தான். ஓர் அதிகாரத்தை விதியே கமிட்டியிடம் கொடுத்துவிட்டால், சாதாரணப் பெரும்பான்மைத் தீர்மானம் அதைப் பறிக்கப் போதாமல் போகலாம். 1906-இல் இங்கிலாந்தில் ஆட்டோமேட்டிக் செல்ஃப் கிளென்சிங் ஃபில்டர் சிண்டிகேட் என்ற நிறுவனத்தின் வழக்கில் இது தீர்ப்பானது. நிறுவனச் சொத்தை விற்கச் சொல்லிப் பங்குதாரர்கள் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டார்கள், இயக்குநர்கள் மறுத்தார்கள், நீதிமன்றம் இயக்குநர்கள் பக்கம் நின்றது. அந்த நிறுவனத்தின் விதிப்படி, இயக்குநர்களைக் கட்டுப்படுத்த நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. அது கம்பெனி விவகாரம்தான். ஆனாலும் அடிப்படை நியாயம் சங்கத்துக்கும் பொருந்தும். அதிகாரப் பங்கீடு பிடிக்கவில்லையா? துணைவிதியைத் திருத்துங்கள். நமது சட்டத்திலும் அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை, நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு. பதிவாளரிடம் பதிவு செய்வதையும் மறக்கக் கூடாது.

வாட்ஸப் குழுவில் நடத்திய வாக்கெடுப்பைப் பொதுக்குழு முடிவு என்று நம்புவது இன்னொரு தவறு. முன்னறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை), தீர்மானப் புத்தகத்தில் பதிவு: இதில் எது விட்டுப்போனாலும் கமிட்டிக்குத் தப்ப ஒரு சந்து கிடைத்துவிடும். நிரலில் இல்லாததை "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் கடைசி ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றுவதும் இதே ரகம்தான்.

தீர்மானத்தை எழுதும் விதத்திலும் கோட்டை விடுகிறார்கள். "சோலார் பேனல் அமைப்பது குறித்துக் கமிட்டி பரிசீலிக்கலாம்" என்று எழுதிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏன் செய்யவில்லை என்று கேட்டுப் பயனில்லை. எதை, எவ்வளவு செலவுக்குள், எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருந்தால்தான் பிறகு கேள்வி கேட்க முடியும்.

இனி மறுபக்கம். பெரும்பான்மை சொல்லிவிட்டால் எதையும் செய்தே ஆக வேண்டும் என்று கமிட்டி நினைப்பதும் ஆபத்து. வீட்டில் நாய் வளர்க்கவே கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தாலும் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பாக்கி வைத்தவர் வீட்டுத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் தீர்மானமும் அப்படித்தான். நிறைவேற்றப் போனால் வழக்கில் மாட்டப்போவது கையெழுத்துப் போட்ட செயலாளர். இத்தகைய தீர்மானத்தை கமிட்டி நிறுத்தி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பொதுக்குழுவை மறுபடி கூட்ட வேண்டும். கோப்பை அலமாரியில் போட்டுவிட்டுக் கமுக்கமாக இருந்தால் நியாயம் கைமாறிவிடும்.

கமிட்டி உண்மையிலேயே மீறினால் உடனே பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். சட்டத்தின் 36-ஆம் பிரிவின் கீழ் விசாரணை கோர, கமிட்டியில் பெரும்பான்மையோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கோ மனு செய்ய வேண்டும். தனியாளாகப் போய் நின்றால் பெரும்பாலும் அலைச்சல்தான். உரிமைத் தகராறு என்றால் சிவில் நீதிமன்றம், அதற்கு ஆண்டுகள் ஆகும். அதைவிட, துணைவிதி கேட்கும் எண்ணிக்கையில் கையெழுத்து வாங்கிச் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டுவது சீக்கிரம் முடியும். இந்தச் சட்டத்தில் எந்த கமிட்டிக்கும் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். எந்த வழியில் போனாலும், தீர்மானத்தின் நகலைக் கமிட்டி கையொப்பத்துடன் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை முற்றிய பிறகு அது கிடைக்காது.