டயக்னோசிஸ் எங்கே வழுக்குகிறது? வார்டுக்குப் போகும் மருத்துவ மாணவர்களுக்கு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில் கேஸ் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். படித்தது எல்லாம் ஞாபகம் இருக்கும், ஆனால் கட்டில் பக்கத்தில் நின்றால் தப்பான பெயரைச் சொல்லிவிடுவீர்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம் படிப்புக் குறைவு இல்லை, முதலில் தோன்றியதோடு நின்றுவிடுவதுதான்.

அதனால் முதல் வேலையாக, பழைய சீட்டைக் கவிழ்த்து வையுங்கள். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வரும் அம்மா கையில் ‘விடால் பாசிட்டிவ், டைபாய்டு’ என்று யாரோ எழுதிய சீட்டு இருக்கும் (விடால் என்பது டைபாய்டுக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனை), அதைப் படித்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் நீங்கள் கேட்கிற கேள்வி எல்லாம் டைபாய்டைத் தேடியே போகும். ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவதே சரியில்லை, அது வேறு கதை. அவசர கேஸ் என்றால் மட்டும் சீட்டை உடனே பாருங்கள், என்ன ஊசி போட்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

அடுத்து, பேச விடுங்கள். 1975இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிதாக வந்த 80 பேரில் 66 பேருக்கு, ரெஃபரல் கடிதமும் நோயாளி சொன்ன கதையுமே கடைசி டயக்னோசிஸைக் காட்டிக் கொடுத்துவிட்டன. ஸ்கேன் எல்லாம் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் கதை கேட்காமல் முடியாது. ‘மேலுக்கு முடியல’ என்று அந்த அம்மா ஆரம்பித்தால் குறுக்கே பாயாமல், எத்தனை நாளாக, என்ன வேலை, ஆடு மேய்க்கப் போனீர்களா, புல்லறுத்தீர்களா, வயல் தண்ணீரில் நின்றீர்களா என்று கேளுங்கள். மலையடிவாரம், புதர், ஒரு வாரக் காய்ச்சல், தலைவலி என்று சேர்ந்து வந்தால் புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் மனதுக்கு வர வேண்டும். உடனே உடம்பைப் பாருங்கள்: அக்குள், கவட்டை, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் அவரே சொல்ல மாட்டார். பெண் நோயாளி என்றால் சிஸ்டரை உடன் வைத்துக்கொண்டு, மறைப்புப் போட்டுப் பாருங்கள். கூச்சத்தில் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பொருக்கு இல்லை என்பதற்காக ஸ்க்ரப்பை அடித்துவிடவும் கூடாது, நிறையப் பேருக்கு அது இருக்காது. அதற்கான மருந்து டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், அப்படி இறங்காவிட்டால் மறுபடி யோசிக்க வேண்டும்.

ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று நோயின் பெயர் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எது பொருந்துகிறது, எது இடிக்கிறது, இருக்க வேண்டியது எது இல்லை என்று எழுத வேண்டும், கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இதோடு, தவறவிட்டால் ஆளையே கொன்றுவிடும் ஒரு நோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார், கண் இமை லேசாகச் சரிந்திருக்கிறது. அல்சர் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், ஆனால் அது தூக்கத்தில் கட்டுவிரியன் பாம்பு கடித்ததாக இருக்கலாம், அதன் பல்தடம் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வார்டு நிறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் எல்லாம் டெங்குவாகவே தோன்றும், அது இயல்புதான். நேற்று பார்த்தது இன்று கண்ணை மறைக்கும் என்று தெரிந்திருந்தால் போதும், அந்தப் பெயரை எழுதிவிட்டு இன்னும் இரண்டைத் தேடுங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையிலும் அப்படியே, தூக்கக் கலக்கத்தில் வரும் முடிவை இன்னொருவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம், இதய கேஸில் கெட்டிக்காரராக இருப்பவர் வயிற்று கேஸில் திணறலாம், அந்தத் திறமை தானாக இடம் மாறாது, ஒவ்வொன்றிலும் தனியாகக் கேஸ் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, போஸ்டிங் மாறியதும் பழைய நோயாளியை மறந்துவிடுகிறோம். நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று தெரியாமல் எத்தனை கேஸ் பார்த்து என்ன பிரயோஜனம்? பேர், ஊர் எழுதாமல், வயது, வந்த தொந்தரவு, நீங்கள் எழுதிய மூன்று பெயர், இவ்வளவு மட்டும் ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் யூனிட்டில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டரான பிஜியிடம் கடைசியில் என்ன வந்தது என்று கேட்டு அதே பக்கத்தில் எழுதுங்கள். காலை ரவுண்ட்ஸ் நடுவில் கேட்டால் எரிந்து விழுவார்கள், சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது கேளுங்கள்.