ஆயாவின் கெம்பு மோதிரம் மாதிரி ஒன்று செய்ய

எங்கள் ஆயாவின் (பாட்டியின்) கெம்பு, அதாவது மாணிக்க மோதிரத்தை, வைரத்தோட்டைக் கழுவுகிற மாதிரி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் கல் உயிரில்லாமல் கறுத்துக் கிடந்தது. காரைக்குடியில் நகை செய்யும் பத்தர் வாங்கியதும் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். "மூடின கட்டு ஆச்சி, உள்ள தண்ணி போயிருச்சு." கல்லின் அடிப்பக்கத்தைத் தங்கத்தால் அடைத்துப் பதிப்பதுதான் மூடின கட்டு.

அரக்கில் மோதிரத்தை இறுக்கிப் பதித்து, கல்லைச் சுற்றியிருந்த தங்க விளிம்பை எஃகு ஊசியால் மெல்ல நெம்பினார். கல் வெளியே வந்தது. ரத்தச் சிவப்பு என்று நாங்கள் நினைத்திருந்த கெம்பு, அவர் உள்ளங்கையில் பன்னீர் ரோஜா நிறத்தில் இருந்தது. அடியில் ஒரு மெல்லிய தகடு, சாம்பலாய்ப் போயிருந்தது. அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் இத்தனை வருஷமும் எங்களுக்குச் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது.

அதனால் பழைய மாதிரி மோதிரம் செய்யக் கொடுப்பவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது அடிப்பக்கத்தை. விசேஷத்துக்கு மட்டும் போடுவதென்றால் மூடின கட்டே வையுங்கள், அந்த ஆழம் வேறு எதிலும் வராது. தினமும் போடுவதென்றால் முகம் பழையபடி இருக்கட்டும், அடி திறந்திருக்கட்டும். என் மக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், ஓயாமல் கை கழுவுவாள். அவளுக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் திறந்த கட்டில் தகடு கைகொடுக்காது. கல்லுக்கே நல்ல நிறம் வேண்டும், செலவும் கூடும்.

மாதிரிக்குப் பழைய மோதிரத்தையே கொண்டுபோங்கள். போட்டோ என்றால் பக்கவாட்டிலும் எடுங்கள். கட்டின் உயரம் அதில்தான் தெரியும். கெம்பைச் சுற்றி வைரம் வைத்தால், அடி தட்டையாக, மேலே பட்டை குவிந்த ரோஸ் கட் கேளுங்கள். இப்போதைய வைரத்தின் மினுக்கல் கெம்பை அமுக்கிவிடும்.

கல்லைக் கட்டுவதற்கு முன்னால் தனியாகப் பாருங்கள். கடை விளக்கில் வேண்டாம். வாசலுக்கு வந்து, வெள்ளைத்தாளில் வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உள்ளே இசைத்தட்டு வரி மாதிரி வளைந்த கோடுகள் இருந்தால் அது செயற்கைக் கல். அகஸ்ட் வெர்னூயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் கெம்பு செய்யும் முறையை 1902-லேயே வெளியிட்டுவிட்டார். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன ஐயா (தாத்தா) வாங்கிவந்தது என்று வீட்டில் சொன்னாலும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள். காற்றுக் குமிழியும் நீலமாய் ஒரு மின்னலும் தெரிந்தால் விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல்லாக இருக்கலாம். அது பத்தரின் சூட்டையும் அமிலத்தையும் தாங்காது. விலை கூடிய கல்லென்றால் பரிசோதனைக்கூடச் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

எடையில் கவனம் வேண்டும். கல் எடையில் 5 கேரட் ஒரு கிராம். கல்லைக் கட்டுவதற்கு முன்பே எடைபோட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அரக்கு வைத்த கட்டென்றால் அதன் எடையையும் கழித்துத்தான் தங்கத்துக்குக் காசு. செய்கூலி, சேதாரம் இரண்டையும் வேலை தொடங்கும் முன்னே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புதான்.

விரல் அளவைச் சாயங்காலம் கொடுங்கள், காலையில் விரல் மெலிந்திருக்கும். மரகதம் வைத்த மோதிரமென்றால் அளவு முதலிலேயே சரியாக இருக்கவேண்டும். பின்னால் பெரிதாக்கச் சூடு காட்டினால் மரகதம் விண்டுபோகும்.

ஆயா மோதிரத்துக்குப் பத்தர் புதுத் தகடு வைத்துக் கொடுத்தார். இப்போது காய்ந்த மெத்துத்துணியால் துடைப்பதோடு சரி. இடுக்கில் குங்குமம் ஒட்டினால் ஈரமில்லாத மென்மையான பிரஷ். பஞ்சு வைத்துத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். முத்து மோதிரத்தோடு சேர்த்துப் போட்டால் கெம்பு முத்தைக் கீறிவிடும்.