பனிக்காலத்தில் கொடுவா பிடிக்க விடியப்பறம் போகவேண்டாம்

மார்கழி, தை மாதங்களில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுபவர்கள், விடியப்பறம் பனியில் போய் நிற்பதை விட்டுவிட்டு பின்னேரம் 2 மணிக்குப் பிறகு போங்கள். ஆழமான இடத்தைத் தேடாமல், வெயில் பட்ட கரையோரச் சேற்றுப் பக்கமாக எறியுங்கள்.

கொடுவா வெப்பநீர் மீன். 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான தண்ணீரில் நன்றாக இரையெடுக்கும், தண்ணீர் குளிர்ந்தால் மந்தமாகிவிடும். எங்கள் பரவைக்கடல் ஆழம் குறைந்தது என்பதால் இரவில் சட்டென்று குளிர்ந்து, பகலில் சட்டென்று சூடேறும். கறுத்த சேறு வெயிலை இழுத்து வைத்திருப்பதால் அந்த இடம் முதலில் சூடாகும், சின்ன மீனும் இறாலும் அங்கே ஒதுங்கும், கொடுவாவும் பின்னால் வரும். மந்தமான மீன் இரையைத் துரத்தி ஓடாது. அதனால் செயற்கை இரை என்றால் வழமையைவிட மெதுவாக, இடைக்கிடை நிறுத்தி இழுக்கவேண்டும். என்னைக் கேட்டால் உயிர் இறால்தான் திறம். வாலடியில் கொளுவினால் நெடுநேரம் உயிரோடு துடிக்கும்.

நாள் முழுக்க மப்பாக இருந்தால் இது சரிவராது, தண்ணீர் சூடேறாது. வாடைக்காற்று பலமாக அடித்துத் தண்ணீர் கலங்கிய நாளிலும் அப்படித்தான். பங்குனி வெயில் தொடங்கினால் கதை மாறும்: அப்போது விடியலும் பொழுதுபடுகிற நேரமும்தான் நல்லது.