குளிர்நாட்டில் சீமை அத்தி: கத்தரியை எடுக்கும் முன் எந்தப் போகம் என்று பாருங்கள்

இங்கிலாந்தில் அக்டோபர் பாதியில் அத்திமரம் இப்படித்தான் இருக்கும்: இலை மஞ்சளாகிக் கொட்டும், கிளை நிறையக் காய் மட்டும் பச்சையாய், கல்லாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றுகூடப் பழுக்காது. மரம் அடர்ந்துபோனதுதான் காரணம் என்று நினைத்து, குளிர்காலத்தில் நுனிகளை எல்லாம் ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறார்கள். அடுத்த வருஷமும் பழம் இல்லை. இலை மட்டும் இரண்டு மடங்கு. அந்த வெட்டிப்போட்ட நுனிகளில்தான் அடுத்த கோடைக்கான பழம் இருந்தது.

சீமை அத்திக்கு வருஷத்துக்கு இரண்டு போகம். முதல் போகம் போன வருஷக் கிளையின் நுனியில் வரும். பட்டாணிக்கும் சிறிய பிஞ்சாகக் குளிர்காலத்தைக் கழித்து, கோடையில் பருத்துப் பழுக்கும். இரண்டாம் போகம் இந்த வருஷத் தளிரில், இலைக்காம்பு சேரும் இடங்களில் வரும். மத்தியதரைக்கடல் ஓரத்தில் இரண்டுமே பழுக்கும். இங்கிலாந்தில் திறந்தவெளி மரத்தில் முதல் போகம் மட்டும்தான், அதுவும் ஆகஸ்ட், செப்டம்பரில். இரண்டாவதற்கு வெயில் போதாது. டொராண்டோவில் நிலைமை தலைகீழ்: வெளியே நிற்கும் மரத்தின் நுனிகள் மைனஸ் 20 குளிரில் கருகிவிடுவதால் முதல் போகமே இல்லை; இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். ஒரே மரம்தான், ஆனால் இரண்டு ஊருக்கும் கவாத்து வேறு. கனடாக் காணொளியைப் பார்த்து லண்டனில் வெட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னாயிற்று.

1. ரகம்

கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போடாதீர்கள். முளைக்கும், மரமும் ஆகும், பழம் வராது. 'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, அத்தியின் பூவெல்லாம் காய்க்குள்ளேயேதான். சில ரகங்களில் ஒரு குட்டிக் குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிற்கும். துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தி பெரும்பாலும் அந்த வகை. இங்கிலாந்துக் குளிரில் அந்தக் குளவி வாழாது. போதாததற்கு, விதையில் வரும் மரங்களில் ஏறக்குறைய பாதி உண்ண உதவாத ஆண் மரங்கள். ஆகவே மகரந்தம் இல்லாமலே பழுக்கும் ரகத்தின் கன்றோ போத்தோதான் (வெட்டி நடும் குச்சி) வாங்க வேண்டும்.

இங்கிலாந்தில் முதல் மரம் என்றால் பிரவுன் டர்க்கி, யோசிக்கவே வேண்டாம். கலிஃபோர்னியாவில் அதே பெயரில் விற்பது வேறு ரகம், அதை வரவழைக்காதீர்கள். பிரன்ஸ்விக்கும் பரவாயில்லை, பழம் பெரியது. டெசர்ட் கிங்கின் முதல் போகம் மகரந்தம் இல்லாமலே பழுக்கும், இரண்டாவது உதிர்ந்துவிடும். லண்டனில் அதனால் நஷ்டமே இல்லை, டொராண்டோ தோட்டத்து மண்ணில் நட்டால் வெறும் இலைதான். அங்கே சிகாகோ ஹார்டி எடுங்கள். தரைவரை கருகினாலும் வேரிலிருந்து துளிர்த்து, அந்த வருஷத் தளிரிலேயே காய் பிடிக்கும்.

2. இடமும், வேருக்குச் சிறையும்

தெற்கு பார்த்த சுவரோரம், கிடைக்காவிட்டால் மேற்கு. செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். லண்டனின் லாம்பெத் அரண்மனையில் இன்றும் நிற்கும் வொயிட் மார்சேய் ரக அத்தியை 16ஆம் நூற்றாண்டில் கார்டினல் ரெஜினால்ட் போல் என்ற பேராயர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். அதுவும் சுவரோரத்து மரம்தான்.

வேரை இஷ்டத்துக்கு ஓடவிட்டால் மரம் இலையும் தண்டுமாக வளரும், காய்க்காது. அதனால் 60 செ.மீ. நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்து, நான்கு பக்கமும் 60 செ.மீ. சதுர நடைபாதைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கல்லின் மேல்விளிம்பு மண்ணுக்கு மேலே 2 முதல் 3 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கட்டும், இல்லாவிட்டால் வேர் அதன்மேல் ஏறித் தாண்டிவிடும். அடியில் கல் பதிக்க வேண்டாம், தண்ணீர் தேங்கிவிடும். உடைந்த செங்கல்லும் கல்லுமாக 20 செ.மீ. கொட்டி நன்றாக இடித்துவிட்டால் போதும். அதன்மேல் தோண்டிய மண்ணையே நிரப்புங்கள். மக்கிய சாணம் போடாதீர்கள். போட்டால் வருவது இலைதான்.

தொட்டியில் என்றால் 30 செ.மீ. விட்டத்தில் தொடங்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அளவாக ஏற்றி 45 செ.மீ. தொட்டியில் நிறுத்திவிடலாம். ஜான் இன்னிஸ் 3 என்று கடையில் விற்கும் மண் கலந்த தொட்டிக் கலவை நான்கு பங்கு, பொடிக்கல் ஒரு பங்கு. 45க்குப் பிறகு தொட்டியை மாற்றாமல் மார்ச்சில் மரத்தை வெளியே எடுத்து, சுற்றியுள்ள வேரில் 4 செ.மீ. சீவிவிட்டுப் புதுக் கலவை அடைத்துத் திரும்ப வையுங்கள். தூக்கி இறக்க வேண்டிய ஊரில் மண்தொட்டி வேண்டாம், பிளாஸ்டிக்தான் சரி. பார்க்க அழகில்லைதான், ஆனால் உறைபனியில் வெடிக்காது, முதுகும் தப்பும்.

3. தண்ணீர், உரம்

ஏப்ரல் கடைசியிலிருந்து பழம் மென்மையாகத் தொடங்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தக்காளிக்கு ஊற்றும் திரவ உரம். ஜூலை வெயிலில் தொட்டி மரத்துக்குத் தினமும் தண்ணீர். ஒருநாள் வாடவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் அரைக்காய் எல்லாம் கீழே கிடக்கும்.

4. கவாத்து: இங்கிலாந்து

முதலில் கருவி. இரண்டு வளைந்த அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் கவாத்துக் கத்தரிதான் வேண்டும். ஃபெல்கோ 2 விலை அதிகம், ஆனால் அலகு மாற்றிக்கொள்ளலாம். தட்டையான அடித்தட்டின்மேல் கத்தி இறங்கும் ரகம் அத்திக்கு ஆகாது. அத்தித்தண்டின் நடுவே மெத்தென்று சோறு இருக்கும். அந்தக் கத்தரி அதை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் கட்டை காய்ந்து, ஆரஞ்சுப் புள்ளியாய்ப் பூஞ்சை பிடிக்கும். கட்டைவிரலைவிடத் தடித்த கிளைக்கு மடக்கு ரம்பம்.

கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடாமல் தொடாதீர்கள். அத்திப்பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும், அதன் கறுப்பு வாரக்கணக்கில் போகாது. பட்ட உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் வேறு எதன்மேலோ பழி போட்டுவிடுவோம். பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காட்டாமல் வையுங்கள்.

*மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம்.* மொட்டு பருக்கும்வரை பொறுங்கள். பட்டுப்போனது எது என்று ஐயமிருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் பச்சை தெரியும்வரை கீழே இறங்கி, ஒரு மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பிறகு உள்நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை.

இப்போது கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கிளை நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உச்சியில் ஈட்டிமுனைபோல ஒரு மொட்டு. அதற்குக் கீழே, போன வருஷ இலை விழுந்த தழும்புகள். ஒவ்வொரு தழும்புக்கும் மேலே சிறு புடைப்பு. சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு. கூராக இருப்பது தளிராகும். உருண்டையாக, மிளகு பருமனில் இருப்பது பழம். மேலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்தான் இந்த உருண்டைகள் பெரும்பாலும் இருக்கும். நுனியை ஒரு சாண் வெட்டினால் மொத்த மகசூலும் போச்சு. 'கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம்' என்ற ஆசையை இங்கேதான் அடக்க வேண்டும். மரம் உயரமாகிவிட்டதென்றால் எல்லாக் கிளைகளையும் கொஞ்சம் கொஞ்சம் குட்டையாக்காதீர்கள். வயதான கிளை ஒன்றிரண்டை மட்டும் அடியில் 3 செ.மீ. கட்டை விட்டு முழுசாக எடுத்துவிடுங்கள். ஒரு வருஷத்தில் கால்பங்குக் கிளைக்குமேல் போக வேண்டாம். மிச்ச முக்கால் பங்கு இந்த வருஷம் காய்க்கும், வெட்டிய கட்டையிலிருந்து வரும் தளிர் அடுத்த வருஷத்துக்கு.

*ஜூன்.* புதுத்தளிரில் ஐந்தாறு இலை வந்ததும் உச்சிக்கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். கத்தரி வேண்டாம், விரல் போதும். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கத்தளிர்கள் கிளம்பும். கோடை முடிவில் அவற்றின் நுனியில் உட்காரும் பிஞ்சுதான் அடுத்த வருஷப் பழம். ஜூன் மறந்துவிட்டால் அந்த வருஷம் விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் கிள்ளினால் வரும் தளிர் முற்றாமல் முதல் உறைபனியிலேயே கருகும்.

*நவம்பர்.* பட்டாணியைவிடப் பெரிய காய் எல்லாவற்றையும் திருகி எடுத்துவிடுங்கள். கை வராதுதான், கோலிக்குண்டு அளவில் முப்பது நாற்பது இருக்கும். ஆனால் அவை குளிரைத் தாண்டாது, கிளையிலேயே அழுகிப் பூஞ்சைக்கு வழி விடும். பட்டாணியும் அதைவிடச் சிறியதும் அப்படியே இருக்கட்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பெரியதை வைத்துச் சிறியதைக் கிள்ளுபவர்கள் நிறையப் பேர்.

5. கவாத்து: டொராண்டோ

மண்ணில் நட்ட மரத்துக்கு நுனியைப் பற்றிய கவலை இல்லை. இலை கொட்டிய பிறகு நான்கைந்து தண்டு மட்டும் விட்டு, மூடுவதற்கு வசதியாக வெட்டிக்கொள்ளலாம். இத்தாலியக் குடும்பங்கள் அங்கே மரத்தையே புதைப்பார்கள்: எதிரெதிர் இரு பக்கங்களில் வேரை மண்வெட்டியால் அறுத்து, மற்ற இரு பக்க வேரைக் கீல்போல வைத்து மரத்தை மெதுவாகச் சாய்த்துப் பள்ளத்தில் கிடத்தி, பலகை, சருகு, தார்ப்பாய், மேலே மண். இளமரத்தில் தொடங்கினால்தான் வளையும்.

இங்கே கிள்ளுவதற்குக் காரணமும் வேறு. ஜூன் பாதிக்குள் ஐந்தாம் இலையில் கிள்ளினால் இருக்கும் இலைகளின் அடியிலேயே காய் சீக்கிரம் பிடிக்கும். ஜூலை கடைசிக்குப் பிறகு தலைகாட்டும் பிஞ்சுக்குப் பழுக்க நாள் போதாது. கிள்ளிவிட்டால் முந்தியவற்றுக்குச் சத்துப் போகும்.

தொட்டி மரத்தை வண்டிக்கொட்டகைக்குள் வைப்பவர்களுக்கு நுனியும் பிழைப்பதால் இரண்டு போகமும் கிடைக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் லண்டன் முறையைப் பின்பற்றி நுனியை வெட்டாமல் விடட்டும்.

6. குளிர்காலம்

லண்டன் சுவர் மரத்துக்குக் கடும் உறைபனி வாரங்களில் தோட்டத்துணி இரண்டு சுற்று போதும். பிளாஸ்டிக் தாளைக் கிளைமேல் நேராகச் சுற்றாதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். தொட்டியில் கிளையைவிட வேருக்குத்தான் முதலில் ஆபத்து, அதனால் குமிழ்த்தாளைத் தொட்டிக்குச் சுற்றுங்கள்.

டொராண்டோவில் இலை முழுக்க உதிர்ந்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள். 0 முதல் 5 பாகை நிற்கும் இருட்டு இடம் சரி. மாதம் ஒருமுறை இரண்டு டம்ளர் தண்ணீர். வேர் முற்றிலும் காய்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுச் சூடு கசியும் இடமாக இருந்தால் பிப்ரவரியிலேயே விழித்து, வெளிறிய நீளத் தளிர்களை விடும். அதை மே மாதம் நேரே வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் இலை வெள்ளையாய்க் கருகும். நிழலில் தொடங்கிப் பத்து நாளில் மெல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள். விக்டோரியா தினம்வரை (மே பிற்பாதியில் வரும் கனடா விடுமுறை) ராத்திரியில் உள்ளே.

7. பறிப்பது

காய் வாரக்கணக்கில் ஒரே அளவில் நிற்கும், பிறகு சில நாளில் திடீரென்று உப்பும். உப்பியதும் பறிக்காதீர்கள். காம்பு தளர்ந்து பழம் தலைகவிழ்ந்து தொங்க வேண்டும், தோலில் மெல்லிய வெடிப்பு ஓட வேண்டும், அடிக்கண்ணில் ஒரு சொட்டுத் தேன் நின்றால் அன்றைக்கே. மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்தெல்லாம் பழுக்காது. பழம் தின்ன வரும் சாதாரணக் குளவிக்கும் பறவைக்கும் தப்ப, உப்பத் தொடங்கிய நாளிலேயே ஒவ்வொரு பழத்துக்கும் சிறு வலைப்பை.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் சிக்கல்கள்

*போத்து துளிர்த்தது, பிறகு செத்துவிட்டது.* பென்சில் பருமன், 20 செ.மீ., நான்கு கணு உள்ள போத்தில் இலை முதலில் வரும், வேர் பிறகுதான். தண்டில் இருந்த சேமிப்பை வைத்தே மூன்று இலை விடும். அதை வேர் பிடித்ததாக எண்ணித் தண்ணீரை ஊற்றினால் அடி அழுகும். ஒளி புகும் பிளாஸ்டிக் குவளையில் நட்டு, வெள்ளை வேர் சுவரில் தெரியும்வரை கலவை லேசான ஈரத்தில் இருந்தால் போதும்.

*இலை சல்லடையாகி, மேலே நூலாம்படை.* லண்டனில் 2014 முதல் பரவிவரும் அத்தி அந்துப்பூச்சியின் புழு. மருந்து வேண்டாம், சுருண்ட இலையை விரலால் நசுக்கிவிடுங்கள்.

*ஏப்ரலில் பிஞ்சு எல்லாம் உதிர்கிறது.* தாமத உறைபனி, அல்லது குளிர்காலத்தில் வேர் காய்ந்தது. முன்னதற்கு, ராத்திரி உறைபனி எச்சரிக்கை வந்தால் துணியைத் திரும்பப் போர்த்துங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். பின்னதற்கு அந்த வருஷம் செய்ய ஒன்றுமில்லை. கொட்டகைத் தொட்டியில் ஜனவரி ஒன்றாம் தேதி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். தூளாக இருந்தால் அன்றைக்கே ஊற்றுங்கள்.