ஊர்சுற்றிப் புலவரை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் மேசையாட்டங்களுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் வாள்வீரராகவோ மந்திரவாதியாகவோதான் ஆட ஆசைப்படுவார்கள். கொஞ்சக் காலம் ஆடிய பிறகு சிலருக்கு இன்னொரு ஆசை வரும்: கையில் ஒரு கொப்பியோடு அந்தக் கற்பனை உலகத்தைச் சுற்றிவந்து, கண்டதையும் கேட்டதையும் எழுதிவைக்கும் புலவராக ஆட வேண்டும். அருமையான ஆசை. ஆட்டத்தை நடத்துபவருக்கும் இந்தப் பாத்திரம் பெரிய உதவி. ஆனால் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தமிழில் ஆடும் நண்பர்கள் எழுதிக் காட்டும் புலவர்களை வாசிக்கும்போது, பலரும் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். அவர்களுடைய புலவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

அப்படி எழுதினால் குறிப்பு இப்படி வரும்: "உப்புத்துறை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உருவான துறைமுகம். மக்கள்தொகை பன்னிரண்டாயிரம். உப்பு, முத்து, கருவாடு ஏற்றுமதியாகின்றன. காவல் தெய்வம் கடல்நாகம்." இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆளே இல்லை. இதை எழுதியவர் எங்கே நின்று பார்த்தார், யாரிடம் கேட்டார், அன்றிரவு எங்கே படுத்தார் என்று ஒன்றும் தெரியாது. அதே ஊரை இப்படி எழுதிப் பாருங்கள்:

"உப்புத்துறைக்கு இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தேன். வாசல் காவலன் என் பையைக் கொட்டி, மைக்கூட்டைத் திறந்து மணந்து பார்த்தான். போன மாதம் ஒருவன் மைக்கூட்டுக்குள் நஞ்சு கொண்டுவந்தானாம். கடல்நாகத்தின் கோயில் எங்கே என்று கேட்டேன். 'ராவில அந்தப் பேரைச் சொல்லாதீங்க ஐயா' என்றவன், கையை நீட்டாமல் நாடியால் திசையைக் காட்டினான்."

தகவல் குறைந்துவிட்டது. ஆனால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் உடனே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். நஞ்சு யாருக்கு வந்தது? பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? ஆட்டத்தை நடத்துபவருக்கு அடுத்த இரண்டு வாரத்துக்கான கதை அங்கேயே கிடைத்துவிடும்.

இந்தப் பாத்திரத்துக்குப் பேர்போன முன்மாதிரி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே இருக்கிறார். எட் கிரீன்வுட் உருவாக்கிய ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில் ஊர் ஊராகப் போய் வழிகாட்டிகள் எழுதும் வோலோதான் அவர். 1992 இல் வெளிவந்த வாட்டர்டீப் நகர வழிகாட்டியில் வோலோ துணிந்து ஒன்றைச் சொல்வார். எல்மின்ஸ்டர் என்ற முதிய மந்திரவாதி இடையில் புகுந்து குறிப்புப் போடுவார். 2023 இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டிலோ வோலோ, ஆடுபவரின் பாத்திரத்துக்குத் தலைக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை எடுத்துத் தருகிறேன் என்று தொடங்கி, கண்ணையே எடுத்துவிடுவார். வோலோ சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று வாசகர் ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டியிருக்கிறது. அந்தப் பாத்திரம் இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிழை விடாத புலவரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அதற்காக வேண்டுமென்றே பொய் எழுத வேண்டியதில்லை. கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதினாலே போதும். இதற்கு நம் தீவுக்கு வந்துபோன உண்மையான பயணிகளைவிட நல்ல ஆசான்கள் கிடையாது. இலங்கை அரசனிடம் ஒரு சாண் நீளத்தில், மனிதன் கைப் பருமனில் ஒரு மாணிக்கம் இருப்பதாக மார்க்கோ போலோ எழுதினார். 1344 இல் வந்த இப்னு பதூதா, ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் புத்தளக் கரையில் குன்று குன்றாய்க் கிடந்ததைச் சொல்கிறார். முதலாவது, வாய்க்கு வாய் பெருத்த செய்தி மாதிரி இருக்கிறது. இரண்டாவது, நேரில் பார்த்தவர் பேச்சு மாதிரி இருக்கிறது. உங்கள் புலவரின் கொப்பியில் இரண்டு வகையும் இருக்கட்டும். எது எந்த வகை என்று வாசிப்பவருக்குத் தெரியவும் வேண்டும்.

இப்னு பதூதாவிடம் கற்க இன்னும் நிறைய உண்டு. சிவனொளிபாத மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் கொழும்பு வழியாகப் போகிறார். இந்த ஊருக்கு அவர் ஒதுக்கியது மிகக் கொஞ்ச இடம்: தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று, ஜாலஸ்தி என்ற அதிகாரி இங்கே இருக்கிறார், அவரோடு ஏறக்குறைய 500 அபிசீனியர் இருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆபிரிக்காவிலிருந்து அத்தனை பேர் கொழும்புக்கு ஏன் வந்தார்கள், ஜாலஸ்தி யார்? விளக்கவே இல்லை. அந்த இடைவெளிதான் இன்றைக்கும் நம்மைப் பிடித்து இழுக்கிறது. எதையும் மிச்சம் வைக்காமல் விளக்கிவிடும் புலவர், மற்ற ஆட்டக்காரர்கள் தேடிப்போக ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறார்.

அப்புறம், எழுதியது பத்திரமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த மாணிக்கங்களைக்கூட இப்னு பதூதா பிறகு கடற்கொள்ளையரிடம் பறிகொடுத்தார். பயணமெல்லாம் முடிந்து மொரோக்கோவுக்குத் திரும்பிய பிறகு, நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸாய் என்ற வேறொருவர்தான் எழுதி 1355 இல் முடித்தார். உங்கள் புலவரின் கொப்பி நனையட்டும், பாதி கிழியட்டும், எதிரி கையில் சிக்கட்டும். சண்டையில் உயிர்ப்புள்ளி (பாத்திரத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் எண்) குறைவதைவிடக் கொப்பி தொலைவது இந்தப் பாத்திரத்துக்குப் பெரிய அடி. அப்படி ஒரு அடி விழ வாய்ப்பே இல்லையென்றால் ஆட்டத்தில் அவருக்கு ஆபத்தே இல்லை.

கொழும்பில் இருப்பவர்கள் புலவரை எழுத முன் ஒருதடவை தேசிய நூதனசாலைக்குப் போய்வாருங்கள். 1911 இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடையது. 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனப் பகுதியில் காணிக்கை புத்தருக்கு. தமிழ்ப் பகுதியில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்காக எழுதப்பட்டது. ஒரே கல், மூன்று விதமான வாசகருக்கு மூன்று விதமான பேச்சு. புலவர் யாருக்காக எழுதுகிறார் என்று முடிவு செய்யாமலே எழுதத் தொடங்குவதுதான் நான் பார்க்கும் அடுத்த பெரிய குறை. அரசிக்கு அனுப்பும் அறிக்கையில் வருவது, அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் வராது. கடல்நாகத்தின் கோயிலை மடத்துத் தலைவருக்கு விவரிப்பதும் வணிகர் சங்கத்துக்கு விவரிப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரே கோயிலை மூன்று பேருக்கும் எழுதிப் பாருங்கள், புலவரின் குணம் தானாக வெளியே வரும்.

யாருக்கு எழுதுகிறார் என்பதோடு, யார் செலவு செய்கிறார் என்பதும் சேர்ந்தே வரும். சாப்பாடு, படுக்கை, தாள், மை, கப்பல் கூலி, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? இப்னு பதூதாவுக்கு ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கு கொடுத்து, சாமான் சுமக்க 15 பேரை அனுப்பினார். அந்த உபசாரத்தைப் பெற்றவர் அந்த மன்னரைக் குறைவாக எழுதுவாரா? எல்லாப் பயணமும் விரும்பிப் போனதாகவும் இருக்க வேண்டியதில்லை. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கடலோடி 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679 இல் தப்பி, 1681 இல் தன் நூலை வெளியிட்டார். கண்டி இராச்சியத்து நாளாந்த வாழ்க்கையை அவர் அவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்தது, அவரால் வெளியேற முடியாமல் இருந்ததனால்தான்.

புலவருக்கு எல்லா மொழியும் தெரியும் என்று வைப்பதையும் விட்டுவிடுங்கள். புறக்கோட்டையில் சாமான் வாங்கிப் பழகிய நமக்கு, பேச்சு நடுவில் மொழி மாறும்போது என்னவெல்லாம் நழுவும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட ஒரு துபாசியை, அதாவது மொழிபெயர்ப்பாளரை, வையுங்கள். அவர் சொல்வதைச் சொல்லட்டும், மறைப்பதை மறைக்கட்டும்.

நிலமும் அப்படித்தான். பனிக்காடு, ஓக் மரம், கணப்படுப்பு எரியும் சத்திரம் என்று கண்ணால் காணாததையே எழுதினால் விவரிக்கச் சொல் வராமல் திணறுவீர்கள். நம் கையில் பருவக்காற்று இருக்கிறது. 1885 இல் தென்மேற்கு அலைதடுப்பு கட்டி முடியும்வரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கொழும்புத் துறையில் கப்பல்களுக்குச் சரியான ஒதுக்கிடம் இருக்கவில்லை. காற்று மாறும்வரை ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட புலவர், அங்கே கடன் வாங்குவார், வாய்ச்சண்டை போடுவார், யாரையாவது காதலிப்பார்.

ஃபாஹியான் என்ற சீனத் துறவி 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு வருடம் இலங்கையில் இருந்தார். பச்சைக்கல் புத்தர் சிலைக்கு முன்னால், வணிகர் ஒருவர் சீனத்து வெள்ளைப் பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டதும் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம். விகாரைகளின் அளவெல்லாம் எழுதிய அதே மனிதர்தான் இதையும் எழுதினார். உங்கள் புலவரும் எப்போதாவது ஊரை நினைக்கட்டும்.

மேசையில் இருக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: மற்றவர்கள் கதவை உடைக்கக் காத்திருக்கும்போது அரைமணி நேரம் குறிப்பு வாசிக்காதீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு, வீட்டுக்குப் போய் அரைப் பக்கம் எழுதினால் போதும்: கண்டது, கேட்டது, சொன்னவர் யார். அடுத்த வாரம் தொடங்க முன் நடத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். கேட்டவற்றில் எது உண்மை, எது கட்டுக்கதை என்று அவர் தன் கொப்பியில் அடையாளம் போட்டுக்கொள்வார். அந்தக் கொப்பியை மட்டும் நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது.