வெயில் தாழட்டும், கரையில் ஓடலாம்

சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடைப் பக்கமாகக் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஏழு ஆண்டுகளாகக் கோடை மாலைகளில் ஓடுகிறேன். சித்திரையிலும் வைகாசியிலும் இந்த ஊரில் ஓட முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும், ஆசை ஆசையாக ஓட முடியும். நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் மண்ணில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கரைக்கு வந்ததும் குனிந்து புறங்கையை மண்ணில் வையுங்கள். பத்து எண்ணும் வரை சூடு பொறுத்தால் ஓடலாம். பொறுக்காவிட்டால் மருத மரத்தடியில் உட்கார்ந்திருங்கள். மே மாதத்தில் இங்கே சூரியன் மறைய ஏறக்குறைய ஆறரை மணி ஆகும். பெரும்பாலும் ஐந்தே முக்காலுக்குத்தான் என் கை பொறுக்கிறது. தார்ச்சாலை அப்போதும் அனல் கக்கிக்கொண்டிருக்கும்; நிழல் விழுந்த மண்கரை அதற்கு முன்பே ஆறிவிடும்.

முதல் ஆண்டு இது தெரியாமல் நாலரைக்கே கிளம்பிவிட்டேன். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அந்த வெயிலிலும் தோளெல்லாம் புல்லரித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை நிழலில் உட்கார வைத்துப் பிடரியில் தண்ணீர் ஊற்றினார். "வெயில் தாழட்டும் தாயி, கரை எங்கே போய்விடப் போகிறது?" என்றார். சுடும் வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். வீடு வரைக்கும் சமாளித்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. பேச்சு குழறினால் உடம்பை நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நான்கு நாள் கால் மணி நேரம் ஓடினால் போதும். உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். என்னோடு என் மதினி வருவார். அவர் பேச்சு நின்றால் நானும் நடைக்கு இறங்கிவிடுவேன்.

முதலில் கிழக்கே, கால்வாயில் நீர் போகிற திசையில் போங்கள். வெயில் முதுகில் விழும். மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பும்போது சூரியன் பொதிகைப் பக்கம் சரிந்திருக்கும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எழுந்துவிட்ட நாட்களில் அந்தக் காற்று நெற்றியிலேயே வந்து அடிக்கும்; களைத்துத் திரும்புகிற நேரத்தில் அதுதான் வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். மேற்கே தொடங்கினால் கண் கூசும். திரும்பும்போது காற்றும் உங்களோடு சேர்ந்தே ஓடிவரும், அதனால் புழுங்கித்தான் போவீர்கள்.

செருப்புக்கடை அண்ணாச்சி மெல்லிய ஷூவைத்தான் எடுத்துக்காட்டுவார். வாங்காதீர்கள். உடை மரத்து முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிடும். சாவிக்கொத்தில் ஓர் ஊக்கு மாட்டி வைத்திருக்கிறேன். முள் ஒடிந்துவிட்டால் அந்த இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்தால் கரும்புள்ளி தெரியும். அதன் பக்கவாட்டில் ஊக்கு முனையால் தோலை லேசாக நெம்பினால் முள் தலை காட்டும். நேராகக் குத்தினால் இன்னும் உள்ளே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சூரியன் மறைந்தால் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். இருட்டிய பிறகு விரியன் பாதையில் கிடக்கக்கூடும். டார்ச் இல்லாமல் கரையில் கால் வைக்காதீர்கள். ஆட்டு மந்தை எதிரே வந்தால் நின்று வழி விடுங்கள். காலையில் விற்கும் பதநீரை மாலைக்கென்று வைத்திருந்தால் புளித்துவிடும், அது வேண்டாம். நான்கு மணிக்கு உப்புப் போட்ட நீராகாரமும் இரண்டு சின்ன வெங்காயமும் எனக்குப் போதும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருந்தது. அது முழுவதும் வியர்வைதான், ஒரு லிட்டர் தண்ணீர். திரும்பியதும் அவ்வளவையும் ஒரே மூச்சில் குடிக்காமல் மோராகவும் நுங்காகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்கிறேன்.

கோடை முழுவதும் கால்வாய் வறண்டுதான் கிடக்கும். அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசத்திலிருந்து திறந்துவிடுவது வழக்கம். மழை பொய்த்தால் மிளகை அரைத்துப் பூசி வேண்டிக்கொள்ளும் மிளகுப் பிள்ளையார் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். நீர் வருகிற நாளில் நான் ஓடுவதில்லை. நுரையும் மருதச் சருகும் முன்னே உருண்டு வர, வெடித்த மண்ணில் குமிழி விட்டுக்கொண்டு அது நடை வேகத்தில்தான் வரும். மதினியும் நானும் அதன் முனையோடு ஒட்டிக் கரையில் நடந்து வருவோம்.